பில் இருக்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே மாதிரி முடிகின்றன: “கேட்டேன், அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.” யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதியில், எதில் எழுதிக் கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கும்பகோணம் என்று வங்கிக் கவுன்டருக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து காலம் தள்ளியவள் என்பதால் உள்விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனவரை மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுவோம். ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு போனவரை மறக்க முடியாது. அந்தத் தாளுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

“பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கோவையில் ஒரு கடையில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் நகைச் சீட்டுக் கட்டினேன். 12-ஆவது தவணையைக் கடையே போடும் என்றார்கள், போட்டும்விட்டார்கள். ஆனால் செயின் எடுக்கப் போனால் சேதாரம் 20 சதவீதம் என்கிறார்கள். அதே மாதிரிச் செயினை என் நாத்தனார் ரொக்கம் கொடுத்து 14 சதவீதத்துக்கு வாங்கியிருக்கிறார். சீட்டுக்காரர்களுக்குப் பேரம் கிடையாதாம். பணமாகவும் தர மாட்டார்களாம். நான் ஏமாந்துவிட்டேனா அம்மா?”
வாசகி, திருப்பூர்

ஏமாந்தீர்களா என்பதைக் கணக்கே சொல்லட்டும். நீங்கள் கட்டியது 55,000. கடை போட்டது 5,000. இதே பணத்தை வங்கியில் ஆர்டி-யாக, அதாவது மாதத் தவணை டெபாசிட்டாகப் போட்டிருந்தால், ஆறரை சதவீத வட்டியில் 11 மாதத்துக்குச் சுமார் 1,800 ரூபாய் கிடைத்திருக்கும். ஆக, கடை உங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது 3,200. இப்போது செயினைப் பாருங்கள். கணக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். 6 கிராம் செயினுக்கு 14 சதவீதச் சேதாரம் 8,400 ரூபாய். 20 சதவீதம் 12,000. வித்தியாசம் 3,600. இந்தக் கையால் கொடுத்த 3,200-ஐ அந்தக் கையால் 3,600-ஆக வாங்கிக்கொண்டார்கள். போதாததற்கு அந்த 3,600-க்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரக் கெட்டிக்காரத்தனம். உங்களிடமும் கொஞ்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டு ஏன் 11 மாதத்தோடு நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கடைக்காரரின் ராசி எண் அல்ல அது. கம்பெனிகளுக்கான 2014-ஆம் ஆண்டு டெபாசிட் விதிகளில், பொருள் தருவதற்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட்டால் அது டெபாசிட் ஆகாது என்று இருக்கிறது. தாண்டினால் டெபாசிட்; அப்புறம் கட்டுப்பாடுகள் வேறு. அதனால்தான் 11 மாதம் கட்டச் சொல்லி, அதற்கடுத்த சில நாட்களில் நகையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கே சேமிக்கவில்லை, நகைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. நகைச் சீட்டுக்கு ஒரு ரூபாய் கிடையாது. கடை ஷட்டரை இறக்கிவிட்டால், பொருளாதாரக் குற்றப் பிரிவு, 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொத்து ஜப்தி, ஏலம் என்று வருடக் கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆகவே சீட்டுக் கட்டுவதானாலும் ஒரே கடையில் மூன்று நான்கு அட்டை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அட்வான்ஸ் கொடுத்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு பிடியும் இருக்கிறது. சேரும்போது அட்டையில் என்ன அச்சடித்திருந்ததோ அதுதான் ஒப்பந்தம். அட்டையின் பின்பக்கத்தைப் பொடி எழுத்து என்று விடாமல் படியுங்கள். ‘பணமாகத் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று அங்கே இருந்தால் அதோடு மல்லுக்கட்டுவது கடினம். ‘சீட்டுக்குச் சேதாரப் பேரம் கிடையாது’ என்று இருக்கிறதா? இல்லையென்றால் முதிர்வு நாளில் புதிதாக ஒரு நிபந்தனையைக் கண்டுபிடிக்கக் கடைக்கு உரிமை இல்லை. “என் அட்டையில் இந்த நிபந்தனை இல்லை, ரொக்க வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அதே சேதாரத்தை எனக்கும் கொடுங்கள்” என்று எழுதி, கூடவே அதே செயினுக்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றும் கேட்டு வாங்குங்கள். கூட்டம் இல்லாத நாளில், மேலாளரையே பார்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் இங்கேயே 15 அல்லது 16-க்கு இறங்கி வந்துவிடுவார்கள். வரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை கோவையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்; 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நகையை எடுக்கும்போது மூன்று முத்திரையையும் பாருங்கள்: பிஐஎஸ் என்ற இந்தியத் தர அமைப்பின் சின்னம், 22கே916 என்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் இருக்கும் எச்யுஐடி என்ற அந்த நகைக்கே உரிய அடையாள எண். 2023 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து, ஹால்மார்க் கட்டாயமான நகைகளை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் நகையின் தரம், யார் முத்திரை போட்டார்கள் என்பதெல்லாம் வரும். கடையில் நின்றபடியே தட்டுங்கள், வெட்கப்படாதீர்கள். பில்லில் தங்கத்தின் நிகர எடையும் கல் எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிட்டு வந்த பெண்கள் என்னிடம் அடகுக்கு வந்து அழுதிருக்கிறார்கள். முத்திரையில் சொன்ன தரத்தைவிடத் தங்கம் குறைந்திருந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கடை தர வேண்டும். பில் இல்லாமல் இது எதுவும் நடக்காது. ‘பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்று சொல்லும் அண்ணாச்சியிடம் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்த முறை சீட்டுச் சேர்வதானால், ரூபாயாக வரவு வைக்கும் சீட்டா, கட்டிய அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கும் சீட்டா என்று கேளுங்கள். 2025-இல் தங்கம் ஏறிய ஏற்றத்தில் ரூபாய்ச் சீட்டுக் கட்டியவர்கள் மாதாமாதம் பின்தங்கினார்கள். கிராம் சீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள்.

“பஸ் ஸ்டாண்ட் கடையில் 20 ரூபாய் போட்ட குளிர்பானத்துக்கு 25 கேட்கிறார்கள். கேட்டால் கூலிங் சார்ஜ். இது சரியா?”
மாணவர், திருநெல்வேலி

சரியில்லை. அச்சிட்ட எம்ஆர்பி-யில் வரி, ஐஸ், கடைக்காரரின் லாபம், கரன்ட் பில் எல்லாம் அடக்கம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளர்கள். கடைப் பெயர், நேரம், ஜிபே செய்த ரசீது மூன்றும் இருந்தால் 1915-இல் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ஆதாரம் இருக்காது, கவனம். அதே பாட்டிலை ஓட்டலில் உட்கார்ந்து குடித்தால் கதை வேறு. அங்கே இடமும் பரிமாறலும் சேவை என்பதால் எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது.

“அப்பாவுக்கு 67 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். 5 லட்சத்தை ஃபிக்சட் டெபாசிட் போடப் போனார். ‘இதில் வட்டி அதிகம் சார்’ என்று சொல்லி ஏதோ கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் தபாலில் ஒரு புத்தகம் வந்தது. பார்த்தால் ஆயுள் காப்பீடு. வருடம் 5 லட்சம், ஐந்து வருடம் கட்ட வேண்டுமாம். அப்பாவின் பென்ஷனே மாதம் 38,000 தான். வங்கியில் ‘மூன்று வருடம் கட்டிவிட்டு எடுத்துவிடுங்கள்’ என்கிறார்கள்.”
மகன், காரைக்குடி

தம்பி, இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அந்தத் தபால் உறையைத் தேடுங்கள். குப்பையில் போட்டிருந்தால் எடுங்கள். பாலிசிப் புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்யலாம். ‘ஃப்ரீ லுக்’ என்று புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே போட்டிருக்கும். முன்பு 15 நாள்தான் இருந்தது, 2024-இல் 30 ஆக்கினார்கள். மருத்துவப் பரிசோதனைச் செலவு, ஸ்டாம்ப் கட்டணம், இத்தனை நாள் காப்பீடு கொடுத்ததற்கான சிறு தொகை இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். 5 லட்சத்தில் கொஞ்சம்தான் குறையும்.

கடிதம் வங்கிக்கு அல்ல, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வங்கிக் கிளைக்குப் போய்ச் சொன்னால், “ஆபீசர் லீவு”, “அடுத்த திங்கட்கிழமை வாங்க”, “ரீஜனல் ஆபீசில் கேட்டிருக்கிறோம்” என்று 30 நாளை ஓட்டிவிடுவார்கள். மார்ச் மாதத்தில் ஒரு கிளைக்கு எத்தனை பாலிசி டார்கெட் என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் நான்; அந்த ஆபீசரை வில்லனாக்க மாட்டேன். ஆனால் உங்கள் அப்பாவின் பணத்தால் அவருடைய டார்கெட் முடிய வேண்டாம். பாலிசிப் புத்தகத்தில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அப்பாவின் பெயரில் இன்றே ரத்துக் கடிதம் அனுப்புங்கள். பாலிசி எண், புத்தகம் வந்த தேதி, பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு எண் மூன்றும் அதில் இருக்கட்டும். அதையே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை ஒட்டி வையுங்கள். “போனில் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லியிருக்கிறாரே, ரெக்கார்டிங் இருக்கிறது” என்று பயமுறுத்துவார்கள். 30 நாளுக்குள் அந்த ரெக்கார்டிங்குக்கு ஒரு வேலையும் இல்லை.

நாள் தாண்டிப் போனவர்களும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வழி கொஞ்சம் நீளம்: முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, அங்கே 30 நாளில் பதில் வராவிட்டால் அல்லது வந்த பதில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாடும் புதுச்சேரியும் அவர் கணக்கில்தான் வருகின்றன, கட்டணம் கிடையாது. நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 67 வயதுக்காரருக்கு, பென்ஷனைவிடப் பெரிய பிரீமியம் போட்ட பாலிசியை யார் பொருத்தம் என்று முடிவு செய்தார்கள் என்ற ஒரு கேள்வியைப் புகாரில் அழுத்தமாகக் கேளுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். டெபாசிட் போடப் போன இடத்தில் “சிகரெட் பிடிப்பீர்களா, சுகர் இருக்கிறதா, உயரம் எத்தனை” என்று யாராவது கேட்டால், அது டெபாசிட் இல்லை. எழுந்து வந்துவிடலாம்.

“மகள் கல்யாணத்துக்கு 18,500 ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்தோம். வீட்டில் பிரித்தால் உடம்புப் பகுதியில் ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டிருக்கிறது. கடையில் பில்லின் அடியைக் காட்டுகிறார்கள்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.’”
தாயார், விழுப்புரம்

அந்த வரியை ரப்பர் ஸ்டாம்பாக வைத்து இன்னும் குத்திக்கொண்டிருக்கிறார்கள், என்ன தைரியம்! பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பில்லில் எத்தனை நாளுக்குள் என்று போட்டிருந்தால் அதற்குள்; எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள் மாற்றவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். பில் கொடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. புடவையைக் கட்டாமல், ஃபால்ஸ் தைக்காமல், பழுதைப் போட்டோ எடுத்து, கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பிளவுஸ் துணியை வெட்டிவிடாதீர்கள். வெட்டினால் “தையல்காரர் கிழித்தது” என்பார்கள்.

பழுதுக்குத்தான் இந்த உரிமை, ஞாபகம் இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்கு நிறம் பிடிக்கவில்லை என்பது பழுது ஆகாது.

“வீட்டுக் கடனை முழுசாக அடைத்து மூன்று மாதம் ஆகிறது. பத்திரம் கேட்டால் ‘சென்ட்ரல் ஸ்டோரேஜில் இருக்கிறது, வரும்’ என்கிறார்கள். வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். வாங்குபவர் பறக்கிறார்.”
வாசகர், ஓசூர்

கடன் முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மூலப்பத்திரம் உள்பட எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால், அதற்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்கு. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. அந்த வருடம் டிசம்பர் 1-க்குப் பிறகு முடிந்த கடன்களுக்கெல்லாம் பொருந்தும். வங்கி, வீட்டுக்கடன் நிறுவனம், கூட்டுறவு வங்கி, யாருக்கும் விலக்கு இல்லை. உங்கள் கணக்கில் சுமார் 60 நாள் தாமதம். 3 லட்சம் ரூபாய்! இந்தப் பெருக்கலை மட்டும் ஒரு கடிதத்தில் எழுதி, உத்தரவின் தேதி 13.9.2023 என்று குறிப்பிட்டுக் கிளையில் கொடுங்கள். ‘சென்ட்ரல் ஸ்டோரேஜ்’ எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்று அப்போது தெரியும். தொலைத்துவிட்டோம் என்று சொன்னாலும் கவலை வேண்டாம். நகல் எடுத்துத் தருவதும் அதன் செலவும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மட்டும் கூடுதலாக 30 நாள் அவகாசம் உண்டு, அதன் பிறகு மறுபடி அதே 5,000.

வாசகர்கள் கோட்டை விடும் இடம் இன்னொன்று. பத்திரம் கைக்கு வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி, அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம் பதிந்திருப்பீர்கள். அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்ததாக வரும். இல்லாவிட்டால் வாங்குபவரின் வங்கி அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் கடன் தராது. வங்கி தன் பக்க உரிமையை நீக்குவதும் அதே 30 நாள் கெடுவுக்குள்தான். பத்திரம் வாங்கப் போகும் அன்றே எம்ஓடி ரத்துக்குக் கையெழுத்துப் போட யார் வருவார் என்று கேட்டு, நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.

“அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1988-ஆம் வருட டெபாசிட் ரசீது ஒன்று கிடைத்தது. 10,000 ரூபாய், பேங்க் ஆஃப் தஞ்சாவூர். இந்த வங்கியே இப்போது இல்லையாமே. ரசீதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டியதுதானா?”
வாசகர், பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்

மாட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டு இந்தியன் வங்கிக்குப் போங்கள். 1990-இல் பேங்க் ஆஃப் தஞ்சாவூர் அதில்தான் சேர்ந்தது. அந்தக் காலத்து நம் ஊர் வங்கிகள் பலவும் இப்படி ஏதோ ஒரு வாசலில் உயிரோடுதான் இருக்கின்றன. திருநெல்வேலியின் பேங்க் ஆஃப் தமிழ்நாடு அதே 1990-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு சேர்ந்தது. பேங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ ஆனது. கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் ஆனது. சின்டிகேட் வங்கி ரசீது என்றால் கனரா, ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி என்றால் யூனியன். வங்கி செத்தாலும் கடன் சாகாது. சேர்த்துக்கொண்டவர் தலையில் அது போய் உட்காரும்.

பத்து வருடம் யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போய்விடும். அதைக் கேட்டதும் ‘அரசாங்கம் எடுத்துக்கொண்டது’ என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது கேட்டாலும், உங்கள் வங்கி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். கேட்கக் கடைசித் தேதி கிடையாது. நிதிக்குப் போன பிறகும் வட்டிக் கணக்குகளுக்கு வட்டி உண்டு, 2021-லிருந்து அது 3 சதவீதம். 10,000 ரூபாய் இத்தனை வருடத்தில் லட்சக் கணக்கில் பெருகியிருக்கும் என்று கோட்டை கட்டாதீர்கள். முதிர்வுத் தேதிக்குப் பிறகு பழைய வட்டி ஓடாது. ஆனால் சட்டம் போட்டு மாட்டுவதைவிட மேல்.

கையில் ரசீதே இல்லாதவர்களும் தேடலாம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளத்தில், இறந்தவரின் பெயரையும் பிறந்த தேதி, பான் மாதிரி ஏதாவது ஓர் அடையாளத்தையும் போட்டால், எந்த வங்கியில் கேட்பாரற்ற பணம் இருக்கிறது என்று காட்டும். பெயரைப் பல விதமாகப் போட்டுப் பாருங்கள். நம் அப்பாக்களின் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் தாத்தா பெயர் முழுசாக என்று வங்கிக்கு வங்கி மாறியிருக்கும். பழைய லெட்ஜரைக் கணினியில் ஏற்றியபோது எழுத்துப் பிழைகளும் சேர்ந்தன. கிளையில் பெயர் இல்லை என்று சொன்னால், “ரசீது எண்ணை வைத்துத் தேடி எழுத்தில் பதில் தாருங்கள்” என்று கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: ரசீது, அப்பாவின் இறப்புச் சான்று, உங்கள் ஆதார், பான். ரசீதில் நாமினி பெயர் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அண்ணன் தங்கைகள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கையெழுத்தும் வேண்டும். நாமினியாகப் போடப்பட்டவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டும்தான், வங்கி டெபாசிட்டைப் பொறுத்தவரை முழு உரிமைக்காரர் அல்ல என்பதை வீட்டில் பெரியண்ணனுக்குப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். காகிதங்கள் எல்லாம் சரியாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வங்கி முடித்துத் தர வேண்டும். அந்த ‘கொடுத்த நாள்’ எது என்பதற்குத்தான் நகலில் சீல்.

“வேளச்சேரியில் வாடகை வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. அட்வான்ஸ் 1,20,000-இல் பெயின்ட் அடிக்க 40,000 பிடித்துக்கொள்வேன் என்கிறார் ஓனர். சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை.”
வாசகர், சென்னை

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்ப வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் வீட்டுக்காரர் தலையில்தான் இருக்கின்றன, ஒப்பந்தத்தில் நீங்கள் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை. ஆகவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு’ என்ற வரி சென்னை ஒப்பந்தங்களில் அச்சாகவே இருக்கும். இருந்தால் அந்த ஒரு மாதத்தோடு நிறுத்தச் சொல்லிப் பேசுங்கள். மேற்கொண்டு கேட்டால் பெயின்டர் பில் கேளுங்கள். அந்த வரி இல்லையென்றால் முழுத் தொகையையும் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, பிறகு வாடகை அதிகாரியிடம் போங்கள். ஒப்பந்தத்தைப் பதிந்து எண் வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலம் அதிகம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஓர் ஓட்டையும் விட்டிருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் தாராளமாக நடமாடுகிறது. அடுத்த வீட்டுக்குக் குடிபோகும் அன்று ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

“ஏடிஎம்மில் 8,000 ரூபாய் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. வேறு வங்கியின் ஏடிஎம். 12 நாளாக ‘வரும் வரும்’ என்கிறார்கள்.”
வாசகி, நாகர்கோவில்

பணம் கழிந்த நாள் போக 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், நீங்கள் கேட்காமலே கணக்கில் சேர வேண்டும். யாருடைய ஏடிஎம் என்பது முக்கியமில்லை. கார்டு கொடுத்த உங்கள் வங்கியில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். 8,000 வந்ததும் விட்டுவிடாமல், இதுவரை ஓடிய 7 நாளுக்கு 700 ரூபாய் தனி வரியாகப் பாஸ்புக்கில் விழுந்திருக்கிறதா என்று என்ட்ரி போட்டுப் பாருங்கள். புகார் கொடுத்து 30 நாளாகியும் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், உதவிக்கு 14448. அங்கே கட்டணம் இல்லை. முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணைத்தான்.